ஆத்துக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்: செய்ய வேண்டிய வேலைகளைத் திட்டமாகவும் இடமாகவும் பிரித்து வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை. தங்கை மகனுக்கு மாசியில் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் நான்தான், சீர் முழுக்க என் தலையில். விளக்குத்தூண் பக்கம் போய் மருமகனுக்குப் பட்டு வேட்டி சட்டை, தங்கைக்குச் சேலை, மச்சானுக்கு வேட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு ஐயர்பங்களாவில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். செருப்பைக் கழற்றக்கூட இல்லை. “அண்ணே, பத்தர்ட்ட தோடு அளவு குடுத்தியா?” என்றாள் தங்கை.

கொடுக்கவில்லை. பத்தரின் பட்டறை தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்தில். துணி எடுத்த இடத்திலிருந்து நடந்தே போயிருக்கலாம். இத்தனைக்கும் அந்த வேலையைப் போனில் எழுதி வைத்திருந்தேன், “காதுகுத்து” என்ற பட்டியலில் பதினேழாவது வரியாக. கடையில் நின்றபோது நான் திறந்து பார்த்ததோ “துணி” என்ற பட்டியல். மறுபடி வண்டியை எடுத்து, பாலத்தைத் தாண்டி, சிம்மக்கல் நெரிசலில் முக்கால் மணி நேரம்.

ஒரு வேலையைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போது அது எந்தக் காரியத்தைச் சேர்ந்தது என்று பார்க்கிறோம். அதையே செய்யப் போகும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் ஒரே அடுக்கு போதாது. அதற்காக இரண்டு பட்டியல் எழுதினாலோ, ஒன்றில் அடித்ததை மற்றதில் அடிக்க மறந்து, இரண்டையுமே நம்ப முடியாமல் போகும். ஒரே வரியை இரண்டு வாசல் வழியாக எடுக்கத் தெரிய வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் இது முடியாது, போனிலும் கணினியிலும் சுலபமாக முடியும். அன்று ராத்திரியே என் பட்டியல்களை அப்படி மாற்றி அமைக்கத் தொடங்கினேன். எப்படிச் செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எல்லாவற்றையும் கொட்டுவது

ஆப் எதையும் இன்னும் இறக்க வேண்டாம். கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். மண்டைக்குள் இருப்பதை எல்லாம் வரிசை பார்க்காமல் எழுதுங்கள். மொட்டை மாடித் தொட்டி ஒழுகுவது, அப்பாவின் கண் புரை, மேலூர்ப் பக்கம் இருக்கும் நிலத்தின் பட்டா, மகனின் ஸ்கூல் பேக் ஜிப், ஆபீஸ் பிரிண்டருக்கு டோனர் என்று எது வந்தாலும் சரி. நாற்பது நிமிடம் ஆகும். பாதியில் வற்றிப்போன மாதிரி இருக்கும். அப்போது எழுந்து வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து வாருங்கள், இன்னும் பத்து வரி கிடைக்கும். எனக்கு அறுபத்து மூன்று வந்தது. பிறகு மனைவியிடம் காட்டியதில் எழுபத்தொன்று ஆனது.

இரண்டாம் படி: எது திட்டம், எது வேலை?

தாளில் இருப்பவற்றில் பாதி வேலையே இல்லை. “பட்டா” என்று எழுதியிருப்பேன். பட்டாவை எப்படிச் செய்வது? அது பல வேலைகளின் தலைப்பு. ஒரே மூச்சில், ஒரே இடத்தில் முடிக்க முடிந்தால் அது வேலை. இரண்டு தடவை எழுந்து போக வேண்டியிருந்தால் அது திட்டம். இந்த அளவுகோல் கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான், ஆனால் வீட்டுக் காரியங்களுக்குப் போதும்.

திட்டத்துக்குப் பெயர் வைக்கும்போது அது எப்போது முடியும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். “காதுகுத்து” எப்போது முடியும்? விருந்து முடிந்தவுடன் என்று நினைத்தேன். பந்தல்காரருக்கும் சமையல் மாஸ்டருக்கும் கணக்குத் தீர்த்து, வாடகைப் பாத்திரத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்து, மொய் நோட்டைத் தங்கையிடம் ஒப்படைத்த பிறகுதான் என்று யோசித்ததும் புரிந்தது. அதை முதலிலேயே எழுதியிருந்ததால் அந்த நான்கு வேலையும் பட்டியலுக்குள் தானாக வந்து உட்கார்ந்தன.

முடிவே இல்லாத தலைப்புகளும் உண்டு. “வீடு”, “அப்பா உடம்பு”, “ஆபீஸ்” இவையெல்லாம் பொறுப்புகள். இவற்றைத் திட்டமாக வைத்தால் பட்டியல் ஒருநாளும் காலியாகாது, பார்க்கப் பார்க்கச் சலிப்புதான் வரும். “அப்பா உடம்பு” என்பதற்குக் கீழே “அப்பா வலது கண் புரை” என்று முடியக்கூடிய ஒன்றை வையுங்கள். ஐஃபோனில் ஓடும் திங்ஸ் போன்ற சில மென்பொருள்களில் பொறுப்புக்கும் திட்டத்துக்கும் தனித்தனி அடுக்கே இருக்கிறது. இல்லாத ஆப்பில் கவலை வேண்டாம், திட்டங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: அடுத்த வேலையை எழுதுவது

பட்டா விஷயம் என்னிடம் நான்கு மாதம் தூங்கியது. சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் “பட்டா” என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் எதைத் தொடுவது என்று புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதை இப்படி உடைத்தேன்: பீரோவில் பத்திரத்தின் நகலைத் தேட. வில்லங்கச் சான்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க. பெரியப்பாவிடம் பழைய சர்வே எண்ணைக் கேட்க. மூன்றும் ஒரே வாரத்தில் முடிந்தன.

எல்லாப் படிகளையும் இன்றே எழுத வேண்டியதில்லை. தோன்றியதை எழுதுங்கள். ஆனால் ஒவ்வொரு திட்டத்திலும் உடனே கை வைக்கக்கூடிய வேலை ஒன்றாவது இருக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தொல்லை உண்டு. நம் மொழியில் வினை கடைசியில் வரும். “மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கதம்பம் கிலோ என்ன விலை என்று விசாரிக்க” என்று எழுதினால், போன் திரையில் “மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கதம்பம்…” என்பதோடு வரி முடிந்துவிடும். விசாரிக்கவா, வாங்கவா, சொல்லி வைக்கவா? தெரியாது. இதற்கு நான் கண்ட வழி, வினையை முன்னால் இழுத்துப் போடுவது. “விசாரிக்க: கதம்பம் விலை”. “கேட்க: பெரியப்பா, சர்வே எண்”. “வாங்க: ஃபால்ஸ், பச்சை”. பேச்சுத் தமிழில் இப்படித் திருப்பிப் போடுவது சாதாரணம்தானே. நாலைந்து சொல்லுக்குள் அடங்கும், கண்ணும் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

நான்காம் படி: இடம்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

ஒரு வேலையைச் செய்ய என்ன கூடி வர வேண்டும்? சில வேலைக்கு ஓர் இடத்தில் நிற்க வேண்டும். சிலவற்றுக்குக் கையில் ஒரு பொருள் வேண்டும், கணினி மாதிரி. சிலவற்றுக்கு ஓர் ஆள் எதிரில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்தே “இடம்” என்கிறேன். மென்பொருள்களில் இதற்குப் பெரும்பாலும் @ குறியைப் பயன்படுத்துவார்கள், சிலவற்றில் # குறி.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் வீடு, அலுவலகம், கடை, போன், கணினி என்று ஐந்து இருக்கும். அதை அப்படியே எடுத்தேன், ஒரு மாதத்தில் @கடை என்பதில் இருபத்தாறு வரி சேர்ந்தது. மதுரையில் “கடை” என்று ஓர் இடம் கிடையாது. பாத்திரம் ஒரு தெருவில், மளிகை கீழமாசி வீதியில், துணி விளக்குத்தூணில், நகை தெற்கு ஆவணி மூல வீதியில், எலக்ட்ரானிக் சாமான் டவுன்ஹால் ரோட்டில், பூ மாட்டுத்தாவணியில் என்று சரக்கு வாரியாகப் பிரிந்து கிடக்கிற ஊர் இது.

அடுத்த தவறு, ஒவ்வொரு வீதிக்கும் ஒரு குறி வைத்தது. பதினாலு குறி. எந்த வேலைக்கு எது என்று யோசிப்பதே தனி வேலையானது. பாதிக் குறிகளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

கடைசியில் வழி காட்டியது வைகை. நான் குடியிருப்பது ஆற்றுக்கு வடக்கே, வேலை பார்ப்பது தெற்கே, தெற்குமாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுத. எனக்கு நேரம் போவது வீதிக்கு வீதி நடப்பதில் இல்லை, ஆற்றைத் தாண்டுவதில்தான். 1889-இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலமோ பக்கத்தில் இருக்கும் மற்ற பாலங்களோ, எதில் ஏறினாலும் கோரிப்பாளையம் சிக்னலும் சிம்மக்கல்லும் தங்கள் பங்கு நேரத்தை வாங்கிக்கொண்டுதான் விடும். தாண்டிவிட்டால், சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றி அடுக்கியிருக்கும் வீதிகளுக்குள் எல்லாமே நடை தூரம். ஆகவே @தென்கரை, @வடகரை என்று இரண்டே குறி. நகை, துணி, மளிகை, பாத்திரம், ரயில்வே ஜங்ஷன் எல்லாம் தென்கரை. கலெக்டர் அலுவலகம், தல்லாகுளத்தில் இருக்கும் மாநகராட்சி அலுவலகம், அரசு இராசாசி மருத்துவமனை, மாட்டுத்தாவணி எல்லாம் வடகரை. வீட்டில் யாராவது “ஆத்துக்கு அந்தப் பக்கம் போறியா?” என்று கேட்பது இதே கணக்கில்தான். நான் அதை ஆப்பில் ஏற்றினேன், அவ்வளவுதான்.

உங்கள் குறிகள் வேறாகத்தான் இருக்கும். திருமங்கலத்தில் குடியிருப்பவருக்கு @மதுரை என்ற ஒன்றே போதும், வாரம் ஒருமுறை வருகிறவருக்கு அதுவே பெரிய பிரிவு. உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வந்து இறங்குகிறவர் பேருந்து நிலையத்தைச் சுற்றி @ஆரப்பாளையம் என்று ஒன்று வைக்கலாம். எது உங்களை நிஜமாகத் தடுக்கிறதோ, அந்த இடத்தில் கோடு போடுங்கள்.

இப்போது என்னிடம் இருப்பவை: @தென்கரை, @வடகரை, @வீடு, @கணினி, @போன், @ஊர் (மேலூர்ப் பக்கம் போகும்போது), @தங்கை, @காத்திருப்பு. எட்டு. இதற்கு மேல் போனால் எனக்கு நினைவில் நிற்பதில்லை.

@தங்கை என்று ஆளையே குறியாக வைப்பது விசித்திரமாகத் தெரியலாம். காதுகுத்து சமயத்தில் அதுதான் அதிகம் உதவியது. அவளிடம் கேட்க வேண்டியது தோன்றும்போதெல்லாம் போன் அடித்தால் ஒரு நாளைக்கு ஏழு தடவை அடிப்பேன். சேர்த்து வைத்து ராத்திரி ஒரே தடவை பேசினால் பத்து நிமிடம். வீடு கட்டுகிறவர்கள் @மேஸ்திரி என்று ஒன்று வையுங்கள். மேஸ்திரி பிடிபடுவதே அபூர்வம், பிடிபடும்போது எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும்.

@போன் என்பதை மட்டும் கவனமாக வையுங்கள். இன்று போன் எப்போதும் கையில் இருப்பதால், போனில் செய்யக்கூடிய எல்லாமே இதற்குள் வந்து விழும். எனக்கு @போன் என்றால் வாய் திறந்து பேச வேண்டிய அழைப்பு மட்டும். பணம் அனுப்புவது, விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் @கணினி, அதைப் போனிலேயே செய்தாலும்கூட. உட்கார்ந்து நிதானமாகச் செய்ய வேண்டியவை என்பதுதான் அதன் அர்த்தம்.

ஐந்தாம் படி: மென்பொருளில் ஏற்றுவது

ஆப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு நாளுக்கு மேல் செலவழிக்காதீர்கள். நான் மூன்று வாரம் செலவழித்தேன், அந்த மூன்று வாரமும் ஒரு வேலையும் நடக்கவில்லை. ஒரு வரிக்கு இரண்டு அடையாளம் ஒட்ட முடிகிறதா, எந்த அடையாளத்தைத் தொட்டாலும் அதைச் சேர்ந்தவை மட்டும் தெரிகிறதா என்று பாருங்கள். அது போதும்.

அடிப்படையைப் புரிந்துகொள்ள நல்லது டுடூ.டிஎக்ஸ்டி. இது ஆப் இல்லை, எழுதும் முறை. 2006-இல் ஜினா டிரபானி என்ற அமெரிக்க எழுத்தாளர் தொடங்கியது. சாதாரண எழுத்துக் கோப்பு, ஒரு வரிக்கு ஒரு வேலை. திட்டத்துக்கு முன்னால் + குறி, இடத்துக்கு முன்னால் @ குறி. இப்படி:

கொடுக்க: பத்தரிடம் தோடு அளவு +காதுகுத்து @தென்கரை
கேட்க: பெரியப்பா, சர்வே எண் +பட்டா @போன்
தேட: பத்திர நகல் +பட்டா @வீடு
விசாரிக்க: கதம்பம் விலை +காதுகுத்து @வடகரை

முடித்த வேலையின் வரித் தொடக்கத்தில் ஆங்கிலச் சின்ன எக்ஸ் எழுத்தும் ஓர் இடைவெளியும் விட வேண்டும். தேதியை 2025-02-14 என்பது போல ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுத வேண்டும். +காதுகுத்து என்று தேடினால் முழுக் காரியமும் வரும், @தென்கரை என்று தேடினால் அங்கே செய்ய வேண்டியவை மட்டும் வரும். நான் சொன்ன இரண்டு வாசலும் இவைதான். தேடல் வசதி உள்ள எந்த எழுத்துப் பெட்டியிலும் இது வேலை செய்யும். ஆண்ட்ராய்டில் மார்க்கோர் என்ற இலவசத் திறமூல ஆப் இந்த முறையை நேரடியாகப் புரிந்துகொள்ளும்.

எழுத்துக் கோப்பு பழைய காலத்து விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். வுண்டர்லிஸ்ட் என்ற புகழ்பெற்ற பட்டியல் ஆப்பை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கி, 2020 மே 6-ஆம் தேதி மூடியது. பயனர்கள் பட்டியல்களை மைக்ரோசாஃப்ட் டு டூவுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது, ஆனாலும் குடி மாறுவது குடி மாறுவதுதான். எழுத்துக் கோப்பை யாரும் மூட முடியாது.

தமிழில் குறி வைப்பதில் சில சங்கடங்கள் உண்டு, இவற்றை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. இடைவெளி வந்தால் குறி அங்கேயே முடிந்துவிடும். “காது குத்து” என்று பிரித்து எழுதினால் +காது மட்டும் குறியாகும், “குத்து” தனியே தொங்கும். சேர்த்து எழுதுங்கள், அல்லது அடிக்கோடு போடுங்கள். வேற்றுமை உருபு சேர்க்காதீர்கள். பேசுகிற பழக்கத்தில் @வடகரைக்கு, @தங்கைகிட்ட என்று விரல் போய்விடும், மென்பொருளுக்கு அவை எல்லாம் வேறு வேறு குறிகள்.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் நம் புள்ளியும் கொம்பும் கால்களும் தனிக் குறியீடுகள், எழுத்து என்ற வகையில் சேராமல் ஒட்டுக்குறி என்ற வகையில் வருபவை. எழுத்து வகையை மட்டும் ஏற்கிற மாதிரி எழுதப்பட்ட மென்பொருளில் தமிழ்க் குறி பாதியில் அறுந்துபோகும். ஆகவே புது ஆப்பை இறக்கியவுடன் @வெளியூர் என்று ஒன்றைத் தட்டிப் பாருங்கள். அதில் ஒற்றைக் கொம்பு இருக்கிறது, இகரம் இருக்கிறது, ஊகாரம் இருக்கிறது, புள்ளியும் இருக்கிறது. முழுச் சொல்லும் ஒரே நிறத்தில் வந்தால் ஆப் தேறியது. வராவிட்டால் வேறு ஆப் பாருங்கள், அல்லது குறிகளை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், மானம் ஒன்றும் போய்விடாது. அதேபோல் “ஒ” வரிசையைச் சில விசைப்பலகைகள் கொம்பும் காலுமாக இரண்டாகத் தட்டும், சில ஒன்றாகத் தட்டும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், தேடினால் கிடைக்காமல் போகலாம். இதனால் குறியை ஒவ்வொரு தடவையும் தட்டாமல், ஆப் காட்டும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதே நல்லது.

இப்போது நான் பயன்படுத்துவது டுடூயிஸ்ட் என்ற ஆப். இதில் திட்டத்துக்கு #, இடத்துக்கு @. வேலையைத் தட்டும் பெட்டியிலேயே “கொடுக்க: தோடு அளவு #காதுகுத்து @தென்கரை” என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். “நாளைக்கு” என்று தமிழில் எழுதினால் தேதியாக எடுத்துக்கொள்ளாது, நாள்காட்டிப் படத்தைத் தொட்டுத்தான் வைக்க வேண்டும். இலவசக் கணக்கில் திட்டங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அது ஒரு வகையில் நல்லதுதான், ஒரே நேரத்தில் முப்பது காரியத்தைத் தொடங்க விடாது.

இதில் வடிகட்டி என்று ஒரு வசதி இருக்கிறது. இரண்டே குறியைக் கற்றுக்கொண்டால் போதும். & என்றால் இரண்டும் பொருந்த வேண்டும், ! என்றால் அது இல்லாதவை.

@தென்கரை & !@காத்திருப்பு

என்று ஒரு வடிகட்டி செய்து முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பாலம் தாண்டியதும் நான் திறப்பது இதை மட்டும்தான். பத்தர் வேலையும், டவுன்ஹால் ரோட்டில் வாங்க வேண்டிய சார்ஜரும், ஆபீஸ் டோனரும் ஒரே திரையில் வரும். மூன்றும் மூன்று திட்டத்தைச் சேர்ந்தவை, ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குத் தேவையில்லாத செய்தி.

மைக்ரோசாஃப்ட் டு டூ வைத்திருப்பவர்கள் திட்டத்துக்கு ஒரு பட்டியல் போட்டு, இடத்தை வேலைப் பெயருக்குள் # குறியோடு எழுதலாம். தொட்டால் அந்தக் குறி உள்ளவை எல்லாம் வரும். டிக்டிக் என்ற ஆப்பிலும் பட்டியலும் # குறிச்சொல்லும் உண்டு.

கூகுள் டாஸ்க்ஸ் பலருக்கும் போனிலேயே இருக்கும், ஆனால் அதில் குறிச்சொல் கிடையாது, பட்டியல் மட்டும்தான். அதையே வைத்துக்கொள்வதாக இருந்தால் என் யோசனை இது: பட்டியல்களை இடவாரியாக வையுங்கள், திட்டத்தின் பெயரை வரியின் கடைசியில் எழுதுங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள், திட்டத்துக்கு ஒரு பட்டியல் என்று. ஒரே ஒரு வாசல்தான் கிடைக்கும் என்றால், வெயிலில் கடை வாசலில் நிற்கும்போது திறக்கிற வாசல்தான் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போது நேரம் இருக்கும், நாலு பட்டியலைப் புரட்டிக்கொள்ளலாம்.

இடத்துக்குப் போனவுடன் தானாக மணி அடிக்கும் வசதி சில ஆப்களில் இருக்கிறது. ஆசையாக வைத்துப் பார்த்தேன். மாசி வீதிகளுக்குள் எல்லாமே நெருக்கம், ஷேர் ஆட்டோவில் கடந்து போகும்போதெல்லாம் அடித்தது. நிறுத்திவிட்டேன்.

காத்திருப்பு

நம் ஊரில் பாதி வேலை நம் கையில் இல்லை. “புதன்கிழமை வாங்கண்ணே” என்பார் பத்தர், எந்தப் புதன் என்று அவருக்கும் தெரியாது. அச்சகத்தில் “சாயந்திரம் புரூஃப் அனுப்பிடுறோம் சார்” என்பார்கள். நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று அந்த வரியை அடித்துவிடுவோம், பிறகு மறந்தே போகும்.

அடிக்காதீர்கள். வரியை மாற்றி எழுதுங்கள். முதலில் ஆள், அடுத்து பொருள், கடைசியில் சொன்ன தேதி.

பத்தர், தோடு, 12-ஆம் தேதி தருவதாகச் சொன்னார் #காதுகுத்து @காத்திருப்பு

இரண்டு நாளைக்கு ஒருமுறை @காத்திருப்பைத் திறந்து பார்ப்பேன். “12-ஆம் தேதின்னு சொன்னீங்களேண்ணே” என்று தேதியோடு கேட்கும்போது கிடைக்கிற பதிலே வேறு.

தேதி போடுவதில் கஞ்சத்தனம்

எல்லா வரிக்கும் இன்றைய தேதி போட்டால் நாளைக் காலையில் இருபது வரி சிவப்பாக நிற்கும். நாலு நாளில் சிவப்பு பழகிப்போய், நிஜமான கெடுவும் கண்ணில் படாது. வெளியிலிருந்து யாரோ வைத்த தேதிக்கு மட்டும் கெடு போடுங்கள். எனக்கு மாதாமாதம் கடைக்கு ஜிஎஸ்டி விவரம் ஏற்ற வேண்டும், ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, 3பி இருபதாம் தேதி. இவை நிஜமான கெடு, மூன்று நாள் முன்பே திரும்பத் திரும்ப வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இவையும் அப்படித்தான். தொட்டி ஒழுகலுக்குத் தேதி வேண்டாம், அது @வீடு பட்டியலில் இருந்தால் போதும், ஞாயிறு மத்தியானம் கண்ணில் படும்.

கெடுவைத் தவிர, அதற்கு முன்னால் செய்யக் கூடாது என்ற தேதிகளும் உண்டு. அம்மாவைக் கேட்காமல் நகைக்கடைக்குப் போக முடியாது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம், வாசற்படி மிதிக்க விடமாட்டார். ஆடியில் நல்ல காரியப் பேச்சே கூடாது. வங்கி வேலை என்றால் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. இவற்றை எல்லாம் கெடுவாகப் போடாமல், வரி எந்த நாளில் திரும்பக் கண்ணில் பட வேண்டுமோ அந்த நாளுக்கு நினைவூட்டலாக வையுங்கள். “பேச: மாடி வீட்டு ஒத்தி” என்பது என்னிடம் ஆவணி முதல் தேதி வரை தூங்கும்.

வாரம் ஒரு தடவை

இது இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் இரண்டு மாதம் தாங்காது. நான் ஞாயிறு காலை கறி வாங்கிக் கொடுத்துவிட்டு, குழம்பு கொதிக்கிற நேரத்தில் உட்காருவேன். அரை மணி நேரம்.

இப்போதுதான் மற்ற வாசல் வேலைக்கு வரும். வாரம் முழுக்க இடவாரியாகவே பார்த்தவன், இன்று திட்டவாரியாகத் திறக்கிறேன். ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் போய், உடனே செய்யக்கூடிய வேலை ஒன்றாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாத திட்டம் நின்றுபோன திட்டம். அடுத்த வேலையை எழுதுவேன், அல்லது “பிறகு பார்க்கலாம்” என்ற பட்டியலுக்குத் தள்ளுவேன். அப்படித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, மாடித் தோட்டம் என்னிடம் இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் குறி இல்லாத வரிகள். அவசரத்தில் குரல் வழியாகத் தட்டியவை பெரும்பாலும் குறி இல்லாமல் கிடக்கும். அவற்றுக்கு இடம் போடுவேன். ஒரு மாதமாக ஒரு வரிகூடச் சேராத குறி இருந்தால் அதை எடுத்துவிடுவேன், @புத்தகம் என்று ஒன்று அப்படித்தான் போனது.

கடைசியாக வரும் இரண்டு வாரத்தின் நாள்காட்டி. சித்திரைத் திருவிழா நெருங்கினால் இது ரொம்ப முக்கியம். தேரோட்டம் நடக்கும் நாளில் மாசி வீதிகளுக்குள் வேலை வைக்க முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வண்டியில் போக நினைப்பதே வீண். அந்த வாரம் வருவதற்குள் @தென்கரையைக் காலி செய்துவிட வேண்டும். அந்த நாட்களில் எனக்கு @வீடு, @கணினி இரண்டும்தான்.

முடிந்த திட்டத்தை என்ன செய்வது என்று கேட்பார்கள். காதுகுத்து முடிந்ததும் அந்தப் பட்டியலை அழிக்கவில்லை. பெயரை “காதுகுத்து மாதிரி” என்று மாற்றி, தேதிகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒதுக்கி வைத்தேன். கணக்குத் தீர்க்கும்போது கையோடு சில வரிகளில் நடந்ததையும் எழுதிச் சேர்த்தேன். அக்கா மகளுக்கு வருகிற தையில் வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. நகல் எடுத்து, பெயர் மாற்றி, போன வாரம் அக்காவுக்குப் பகிர்ந்தேன். அவள் முதலில் படித்தது கடைசி வரியை: “வாங்க: வாழையிலை. போன தடவை 400 வாங்கி 60 மிச்சம், 350 போதும் @வடகரை”. உடனே போன் வந்தது. “என் மாமியார் வீட்டுச் சனம் உனக்குத் தெரியாதுடா, 500-ஆ மாத்து.” மாற்றிவிட்டேன்.